அரக்கு நிறத்தில் ஒரு காரப் பழச்சாறு

காஞ்சிபுரத்துக்கென்று வேலூர் பேருந்தில் ஏறித் தூங்கிப்போகிறவர்கள் ஊரைத் தாண்டித் தாமலில் கண் விழிப்பார்கள். நானும் அங்கேதான் விழித்தேன். விமானத்தில் கெட்ட தூக்கம் முழுவதும் அந்தப் பேருந்தின் ஜன்னலோரத்தில் வந்து சேர்ந்துவிட்டது.

"காஞ்சிபுரம் டிக்கெட்டாமா நீ? பைபாஸ்ல நின்னு கத்திக்கினே இருந்தேன், ஒருத்தரும் அசையல" என்றார் நடத்துநர். என் மேல் தப்பே இல்லாததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு பெட்டியோடு இறங்கினேன். நான் பினாங்குத் தீவுக்காரி. எங்கள் ஊரில் பேருந்தில் எவ்வளவு தூங்கினாலும் கடலைத் தாண்டிப் போய்விட முடியாது. இங்கே இந்தியா பெரிதாக இருப்பது என் குற்றமா?

எதிரே கடல் மாதிரி ஏரி கிடந்தது. கரையோரம் ஒரு பெண் கூடை நிறையக் கொய்யாவோடு உட்கார்ந்திருந்தார். நான் கேட்காமலே ஒன்றை எடுத்து நாலாகக் கீறி, மிளகாய்த்தூளும் உப்பும் கலந்ததை உள்ளே திணித்து நீட்டினார். கடித்தேன். தூக்கம் போன இடம் தெரியவில்லை.

"எந்த ஊருமா?"

"மலேசியா."

"அங்க கொய்யா கெடைக்காதா?"

"கிடைக்கும். நாங்க மிளகாய்க்குப் பதிலா உப்புல ஊறப்போட்ட பிளம் பழத்தைப் பொடி பண்ணித் தூவுவோம். சில பழத்துக்கு இறால் விழுதும் மிளகாயும் போட்டுப் பிசைவோம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பழத்துல எறாவா? இன்னாமா நீ, வயித்தப் பொரட்டுது" என்றவர், பரிதாபப்பட்டோ என்னவோ இரண்டு கொய்யாவைச் சேர்த்தே போட்டார். பையை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் வந்த ஷேர் ஆட்டோவில் ஒடுங்கி உட்கார்ந்து, ஒரு வழியாகக் காஞ்சிபுரத்துக்குள் வந்து சேர்ந்தேன்.

பினாங்கில் ஓர் உணவு அங்காடியில் பழச்சாறுக் கடை நடத்துகிறேன். ஜாதிக்காய்ச் சாறு எங்கள் கடையின் பெருமை. வந்த வேலைக்கும் பழச்சாறுக்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். வரும் ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்குத் திருமணம். மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. அவளே போனில் நூலைப் பார்த்து நிறம் சொல்லி, பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டில் நெய்யக் கொடுத்த சேலை. அதை வாங்கிக்கொண்டு வியாழக்கிழமை விமானம் ஏற வேண்டும். "அந்தச் சேலை வரலைன்னா ஜீன்ஸோட மணையில உட்காருவேம்மா" என்று மகள் சொல்லியிருக்கிறாள். சொன்னதைச் செய்கிற பெண். என்னைப்போல.

நெசவு வீதியில் நுழைந்தால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கும் என்று சொல்லியிருந்தார்கள். கேட்டது. நான் போக வேண்டிய வீட்டில் மட்டும் கேட்கவில்லை.

நெசவாளர் தேவராஜ் தறிக்குழியில் கால் தொங்கப் போட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி மல்லிகா அடுக்களை வாசலில் எங்கோ பார்த்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தறியில் என் மகளின் சேலை, அழகென்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் உடலில் இன்னும் ஒரு கஜம் நெய்யாமல் கிடந்தது.

"வாங்கக்கா. அவர்ட்ட சொல்லுங்க, அக்கா வந்துட்டாங்கன்னு" என்றாள் மல்லிகா.

தேவராஜ் எனக்கு ஒரு கை தூரத்தில் இருந்தார். நான் திரும்பி, "அக்கா வந்துட்டேன்" என்றேன்.

"பாத்தேன்னு சொல்லுங்கக்கா. காப்பி போடச் சொல்லுங்க."

"காப்பி அடுப்புல இருக்குதுன்னு சொல்லுங்கக்கா."

இப்படியே கொஞ்ச நேரம் நான் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தேன். காப்பி வந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

தேவராஜின் தங்கை தென்னேரியில் புது வீடு கட்டிக் குடிபோனாள். அந்த விசேஷத்துக்கு மல்லிகா தன் கையால் ஒரு பானம் செய்து கொண்டுபோயிருக்கிறாள். போனில் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் செய்து காட்டியது, காரமான பழக் காக்டெய்ல். பேரைக் கேட்டதும் சொந்தக்காரர்களில் நாலு பேர் ஆசை ஆசையாக முன்னால் வந்து உட்கார்ந்தார்களாம். உள்ளே பழம்தான் என்று தெரிந்ததும் எழுந்து போய்விட்டார்களாம். மல்லிகாவுக்கு அது வருத்தமில்லை. கணவன் ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை வாசல் தென்னங்கன்றின் அடியில் ஊற்றி, "காலைல வரைக்கும் இந்தத் தென்னம்புள்ள உசுரோட இருக்குதா பாக்கலாம்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாராம். கூடியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அன்றிலிருந்து மல்லிகா தறியில் உட்காரவில்லை.

"அவரு வாயால நல்லா இருந்துச்சுன்னு சொல்லட்டும்கா. அப்புறம் உட்கார்றேன்."

"பொய் சொல்ல வராதுன்னு சொல்லுங்கக்கா."

சேலையின் உடலையும் வேறு நிறக் கரையையும் நெய்யும்போதே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு போவதற்குக் கோர்வை என்று பேர். குழியில் உட்காருகிறவர் உடலையும் ஒரு கரையையும் பார்த்துக்கொள்ள, பக்கத்தில் உட்காருகிறவர் மறுகரைக்கு நூல் கொண்டுபோகும் நாடாவைத் தள்ள வேண்டும். தனி ஆளால் முடியாது. பக்கத்து வீட்டிலிருந்து யாரையாவது கூப்பிட்டால் என்ன என்று கேட்டேன். தேவராஜ் என்னைப் பாவம்போலப் பார்த்தார்.

"கை மாறுனா கரையில தெரியும்கா. இவ்ளோ தூரம் மல்லி கை. மிச்சத்துக்கு இன்னொருத்தர் கைன்னா, உங்க பொண்ணு கட்டும்போது பாக்கறவங்க கண்ணு அங்கதான் போய் நிக்கும்."

அந்தச் சமயத்தில் மல்லிகாவுக்கு ஒரு யோசனை வந்தது. "அக்காதான் ஜூஸ் கடை வச்சிருக்குறாங்களே! அவங்களே குடிச்சுப் பாத்துச் சொல்லட்டும்." தேவராஜும் உடனே தலையாட்டினார். பல நாளாக எதிலும் ஒத்துப்போகாத இருவரும் என் கழுத்தில் கயிறு மாட்டுவதில் மட்டும் ஒத்துப்போனார்கள். மல்லிகா விறுவிறுவென்று அதே பானத்தைச் செய்து ஒரு டம்ளரில் கொண்டுவந்தாள். பார்க்க நல்ல அடர் சிவப்பு.

குடித்தேன்.

முதலில் தர்பூசணி தெரிந்தது. அதற்கப்புறம் எதுவும் தெரியவில்லை. காது வழியாகப் புகை வந்திருக்க வேண்டும். மிளகாய்த்தூள் தொண்டையில் மணல்போல அப்பிக்கொண்டது. முப்பது விதமான சாறு விற்கிற எனக்கே கண் இருட்டியது. தேவராஜ் சொன்னது அத்தனையும் உண்மை. அந்தத் தென்னங்கன்றை நினைத்து எனக்குக் கவலையாக இருந்தது.

ஆனால் நான் நன்றாக இல்லை என்றால் மல்லிகா தறியில் உட்கார மாட்டாள். நன்றாக இருக்கிறது என்றால் தேவராஜ் முகம் கறுத்துப்போய்க் குழியிலிருந்து எழுந்துவிடுவார். எப்படிச் சொன்னாலும் என் மகள் ஜீன்ஸ்தான். இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பயணக் களைப்பு. வாய்க்கு ருசியே தெரியல. நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு லாட்ஜுக்கு ஓடினேன். அங்கே கொய்யாவைத் தின்று தின்றுதான் நாக்கைச் சமாதானப்படுத்தினேன்.

மறுநாள் காலை கோயில் பக்கம் போய் இட்லி சாப்பிட்டேன். மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு மூங்கில் குடலையில் வேகவைத்து, வட்டமாக வெட்டிக் கொடுக்கிற காஞ்சிபுரம் இட்லி. காரம் வாயில் அடிக்காமல், விழுங்கின பிறகு நிதானமாகத் தொண்டையில் வந்து நின்றது. இந்த ஊருக்குக் காரத்தை எப்படிப் போட வேண்டும் என்று தெரியாமல் இல்லை. அப்படியானால் மல்லிகாவுக்கு மட்டும் எங்கே தப்பியது? யோசித்துக்கொண்டே அவளையும் கூட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்கு ஆட்டோ பிடித்தேன். "ருசி சொல்றதுக்கு முன்னாடி, நானும் ஒண்ணு செஞ்சு காட்டறேன். பழம் புதுசா வாங்கணும்" என்று சாக்குச் சொல்லியிருந்தேன்.

பாதி வழியில் பெருமாள் வீதியுலா எதிரே வந்துவிட்டது. ஆட்டோவை ஓரங்கட்டின ஓட்டுநர், இறங்கிப்போய்க் கும்பிட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் டீயும் குடித்துவிட்டுத்தான் திரும்பினார். எங்கள் ஊரில் தைப்பூசத்துக்கு இப்படி நிற்போம், வருஷத்தில் ஒரு நாள். இங்கே என்ன கணக்கு என்று கேட்டேன். "சாமி வராத நாளு கம்மிமா" என்றார் ஓட்டுநர். அவசரப்பட்டு மீட்டரைத் தேடினேன். மீட்டர் இருந்த இடத்தில் ஒரு பிள்ளையார் இருந்தார்.

மார்க்கெட்டில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. பழக்காரர் ஒரு மாதுளையைப் பிளந்து காட்டினார். நான் ஒரு முத்தை வாயில் போட்டுப் பார்த்தேன். மல்லிகாவோ தன் பர்சைத் திறந்து ஒரு சின்னப் பட்டு நூல் கத்தையை எடுத்து, மாதுளை முத்தின் பக்கத்தில் வைத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாமா, இது பழக்கடையா நூல்கடையா?" என்றார் பழக்காரர்.

"அரக்கு இது இல்லக்கா. ரெண்டு ஷேடு கம்மியா இருக்குது" என்றாள் என்னிடம், ரொம்ப அக்கறையாக.

"மல்லிகா, அன்னிக்கு மிளகாய்த்தூள் எத்தனை ஸ்பூன் போட்டே?"

"மொதல்ல ஒண்ணுதான்கா. படத்துல இருந்த கலரு வரல. ரெண்டாவது போட்டேன், கிட்ட வந்துச்சு. மூணாவது போட்டதும் அப்படியே ஒட்டிக்கிச்சு. போன பக்கத்துல வச்சுப் பாத்தேனே!"

அடக்க முடியவில்லை, பழக்காரரின் கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சாயக்காரரிடம் மாதிரி நூல் கொடுத்து நிறம் ஒட்டுகிறதா என்று பார்க்கிற வீட்டில் பிறந்து, அப்படிப்பட்ட வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள் அவள். அந்த வெள்ளைக்காரப் பெண் எதைப் போட்டாள், ஏன் போட்டாள் என்பது இங்கிலீஷில் இருந்தது. நிறம் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. அதைத் துல்லியமாகக் கொண்டுவந்துவிட்டாள். நாக்கால் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"நீங்க ஏன்கா சிரிக்கிறீங்க?"

"சும்மா. உன் கண்ணை நெனச்சேன்" என்றேன். அது பொய்யும் இல்லை. அன்னாசி, மாதுளை, ஒரு சின்ன பீட்ரூட், இஞ்சி, புதினா, பச்சை மிளகாய் எல்லாம் வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானமே அடுக்களையில் கடை பரப்பினேன். தேவராஜ் தறியில் அறுந்த இழையைத் தேடுவதுபோல் எங்களுக்கு நேராக உட்கார்ந்துகொண்டார். இழை ஒன்றும் அறுந்திருக்கவில்லை.

காரத்துக்குப் பொடி வேண்டாம் என்று மல்லிகாவிடம் சொன்னேன். பச்சை மிளகாயைக் கீறி விதையை எடுத்துவிட்டு, அன்னாசித் துண்டுகளோடு கொஞ்ச நேரம் சும்மா போட்டு வைக்க வேண்டும். அரைப்பதற்கு முன்னால் மிளகாயை எடுத்து எறிந்துவிட வேண்டும். வாசனையும் உறைப்பும் பழத்தில் இறங்கியிருக்கும், தொண்டையில் அப்பாது. அன்னாசிச் சாற்றை நுரை போக இரண்டு தடவை வடிகட்டி, இஞ்சிச் சாறு, வறுத்துப் பொடித்த சீரகம், ஒரு சிட்டிகை இந்துப்பு. அது மஞ்சள். மாதுளையைப் பிழிந்து, இரண்டு சொட்டு பீட்ரூட் சாறு விட்டதும் மல்லிகா நூல் கத்தையை எடுத்துவந்தாள். "இப்ப ஒட்டுதுக்கா!" என்று கத்தினாள். அது அரக்கு.

எங்கள் கடையில் கல்யாண ஆர்டருக்குச் செய்கிற ஒரு வித்தையைக் காட்டலாம் என்று எனக்குத் திடீரென ஆசை வந்தது. மாதுளைச் சாற்றில் ஒரு பங்குக்கு நிறையச் சர்க்கரை கரைத்தால் கனத்து அடியில் நிற்கும். அதன் மேல் அன்னாசி. இன்னொரு பங்கு மாதுளையில் சர்க்கரை போடாமல் தண்ணீர் கலந்தால் மேலே மிதக்கும். கண்ணாடி டம்ளரில் ஸ்பூனின் முதுகு வழியாக மெல்ல ஊற்றினால், நடுவில் மாம்பழ மஞ்சள், மேலும் கீழும் அரக்கு. தறியில் கிடப்பதை டம்ளரில் காட்டிவிடலாம்.

என் கை அன்று எனக்கே துரோகம் செய்தது. மேல் அரக்கு சறுக்கி மஞ்சளில் இறங்கி, எல்லாம் செங்கல் நிறமாகிவிட்டது. மல்லிகா வாங்கி ஊற்றினாள். அவளுக்கும் அப்படியே.

தறிப் பக்கமிருந்து ஒரு முனகல் வந்தது. "சாயம் எறங்குது."

நாங்கள் கேட்காததுபோல் இருந்தோம். அடுத்த டம்ளரும் கலங்கியது.

"கோர்வை நிக்கலையே... ச்சே" என்று குழியிலிருந்து எழுந்தே வந்துவிட்டார் மனுஷன். நேராக என் கையிலிருந்த ஸ்பூனைப் பிடுங்கினார். மஞ்சளின் மேல் பட்டும் படாமலும் ஸ்பூனைக் கவிழ்த்துப் பிடித்தார். "ஏ மல்லி, கைய எறக்கு. இன்னும். ம், இப்ப ஊத்து."

"நீங்க ஸ்பூன ஆட்டாதீங்க."

"நான் எங்க ஆட்டறேன்? நீ இழை மாதிரி வுடு. கயிறு மாதிரி வுடாத."

"வுட்டுக்கினுதான இருக்கறேன்!"

அரக்கு, மஞ்சளின் மேல் போய் உட்கார்ந்தது. கலங்கவில்லை. கோடு போட்டதுபோல் நின்றது. இருவரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வழியாகப் பேசாமல் நேராகப் பேசிவிட்டோம் என்று இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. நான் மூச்சுக்கூட விடவில்லை. ஏதாவது சொல்லிக் கெடுத்துவிடுவேனோ என்று பயந்து வாயில் ஒரு புதினா இலையைப் போட்டு மென்றேன்.

ஆளுக்கொரு டம்ளர் குடித்தோம். முதலில் இனிப்பு, பிறகு புளிப்பு, விழுங்கின பிறகு நிதானமாகக் காரம், காலையில் நான் தின்ற இட்லியைப்போல. "நல்லா இருக்குது" என்றார் தேவராஜ், பொதுவாகச் சுவரைப் பார்த்து. பிறகு போய்க் குழியில் இறங்கினார். மல்லிகா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, எங்கோ பார்த்தபடியே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தறி சத்தம் போட ஆரம்பித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மகளுக்குப் போன் செய்து அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தேன். "என்னம்மா இரைச்சல்?" என்றாள் அவள்.

புதன்கிழமை முழுவதும் நெய்தார்கள். நான் வாசலில் உட்கார்ந்து, வந்தவர்களை எல்லாம் "அப்புறம் வாங்க" என்று காவல்காரிபோலத் திருப்பி அனுப்பினேன். தங்கச்சி போன் செய்தாலும் எடுக்க விடவில்லை. தென்னேரிப் பேச்சே வேண்டாம் என்று எனக்குப் பயம்.

வியாழக்கிழமை காலை சேலை தறியிலிருந்து இறங்கியது. மல்லிகா அதை மடித்து, தன் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, "அக்கா, ஒண்ணு கேக்கட்டா?" என்றாள்.

"கேளு மல்லிகா."

"அன்னிக்கி நான் போட்டுக் குடுத்தது எப்படி இருந்துச்சு? நாளைக்குச் சொல்றேன்னீங்க, இன்னும் சொல்லல. மறைக்காம சொல்லுங்க."

தேவராஜ் நூல் சுற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். சேலை முடிந்துவிட்ட தைரியம் எனக்கு. மூன்று நாள் அடக்கிவைத்த உண்மை வேறு வயிற்றை முட்டியது. சேலை இன்னும் அவள் மடியில்தான் இருக்கிறது என்பதை மறந்துவிட்டேன்.

"கலர் நூத்துக்கு நூறு. ஆனா மல்லிகா, வாயில வைக்க முடியல."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. சேலை மேல் இருந்த கை அப்படியே நின்றது. விமானம் எனக்கு முன்னால் கிளம்பிப் போவதுபோல் இருந்தது.

"இல்லியே" என்றார் தேவராஜ். "நல்லாத்தான் இருந்துது."

மல்லிகா திரும்பினாள். "இன்னாது?"

"நல்லாத்தான் இருந்துதுன்றேன்."

"அப்ப ஏன் கீழ கொட்டுனீங்க?"

"அன்னிக்கி எனக்கு வாயில புண்ணு."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். சேலையும் கூடவே போயிற்று. மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. வரும்போது ஒரு கையில் சேலை, மறு கையில் அதே அடர் சிவப்பு. மூன்று ஸ்பூன் என்று பார்த்ததுமே தெரிந்தது. டம்ளரை அவரிடம் நீட்டினாள்.

தேவராஜ் வாங்கி, ஒரே மூச்சில் அண்ணாந்து குடித்தார். நெற்றி வேர்த்தது. காது சிவந்தது. கண்ணிலிருந்து கரகரவென்று நீர் இறங்கியது. "நல்லா இருக்குது" என்றார், குரல் இல்லாமல்.

மல்லிகா என் பக்கம் வந்து, சேலையை என் கையில் வைத்து, என் தோளை அன்பாகத் தட்டினாள். "உங்க மேல தப்பு இல்லக்கா. மலேசியாவுல இருந்து இருந்து உங்க நாக்கு செத்துப்போச்சு, பாவம்."

"ஆமாக்கா" என்றார் தேவராஜ். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு, காலி டம்ளரை அவளிடம் நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்து மல்லி."